மதுரைப் பக்கம் செம்மறிக்குக் கிடாய் விடுவது எப்போது, எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், வாடிப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் என் பட்டியில் ஒரே வாரத்தில் 11 குட்டிகள் விழுந்தன. 6 செத்துப் போயின. தரை முழுக்கச் சேறு. குட்டிகளை அடைக்கும் கொடாப்புக்குள் போட்ட சாக்கு பிழிந்தால் தண்ணீர் வந்தது. தாய் ஆடுகளின் மடியில் பாலும் சரியாக இறங்கவில்லை. மழையைத்தான் வைதுகொண்டிருந்தேன்.

பக்கத்துக் கொல்லையில் கிடை போட்டிருந்த, மந்தை ஓட்டும் வயதான கீதாரி ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். செத்த குட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு விரலை மடக்கினார். "ஐப்பசி... புரட்டாசி, ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி. வைகாசியில என்ன தீனி போட்டீங்க தம்பி?"

"ஒண்ணும் போடலைய்யா. கம்மாக்கரையில வேலங்காய் உதிர்ந்து கிடந்துச்சு. ரெண்டு வாரம் அதைத்தான் தின்னுச்சுக."

"கிடா?"

"மந்தையிலதான் திரிஞ்சது."

"அப்பச் சரி. வயிறு நெறஞ்சுது, வந்துருச்சு. மழைய ஏன் வையுறீங்க?"

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு ஹார்மோன்களைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சேர்த்து எழுதியது. 20 முதல் 100 பெட்டை வரை வைத்து, மேய்ச்சலை நம்பி ஆடு வளர்ப்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன். கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை, நம்ம ஊர் கச்சைகட்டிக் கருப்பு என்று எந்த ஆடாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

வெளிநாட்டு நாள்காட்டி இங்கே ஏன் ஓடாது

யூடியூபில் செம்மறி இனப்பெருக்கம் என்று தேடினால் முதலில் வருவது, பகல் குறையும் காலத்தில்தான் செம்மறி பருவத்துக்கு வரும் என்ற செய்தி. அது பொய் இல்லை. ஆனால் எந்த ஊர் ஆட்டுக்கு என்று கேட்க வேண்டும்.

லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பரில் 8 மணி நேரம்கூடத் தேறாது. அங்குள்ள சஃபோக் போன்ற இனங்கள் இந்த மாற்றத்தை வைத்தே வருடத்தைக் கணக்கிடுகின்றன. இருட்டில் மூளையின் பீனியல் சுரப்பி மெலடோனின் சுரக்கும். இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். அதைப் படித்துக்கொண்டு மூளை, குளிர்காலம் வருகிறது, இப்போது சினை பிடித்தால் ஐந்து மாதம் கழித்துப் பசும்புல் முளைக்கும்போது குட்டி விழும் என்று வேலையைத் தொடங்குகிறது. பகல் நீளும் மாதங்களில் இனப்பெருக்கம் அடங்கிவிடும். இதே ஆடுகளைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவில் இறக்கினால், அங்கே பருவகாலம் தலைகீழ் என்பதால் அவையும் ஆறு மாதம் மாறிக்கொள்ளும்.

மதுரையில் ஆனி மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 11 மணி 35 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த ஆட்டுக்கு அந்த ஒரு மணி நேரத்தால் ஒன்றும் தெரியப்போவதில்லை. நம்ம ஆடுகள் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரக்கூடியவை. ஆனாலும் குட்டிகள் சில மாதங்களில் கொத்தாக விழுகின்றனவே, அது ஏன்? அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உடம்புக்குள் 17 நாள்

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. அது ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்பாக வெளியிடும். சொட்டுநீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சொட்டு அடிக்கடி விழுந்தால் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனை அதே வேகத்தில் இரத்தத்தில் விடும். எஃப்.எஸ்.எச். என்ற இன்னொன்றும் உண்டு. இரண்டும் சேர்ந்து சினைப்பையில் முட்டைக் கொப்புளத்தை வளர்க்கும். கொப்புளம் பெரிதாகும்போது ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் ஒரு அளவைத் தாண்டியதும் ஆடு கிடாயைத் தேடும், எல்.எச். ஒரே பாய்ச்சலாகப் பாயும், அதிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை வெளியேறும்.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் திரள் ஒன்று உருவாகிப் புரொஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கும். இது சினையைக் காக்கும் ஹார்மோன். இது இருக்கும்வரை ஆடு மறுபடி பருவத்துக்கு வராது. சினை பிடிக்கவில்லை என்றால் 14-ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி அந்த மஞ்சள் திரளைக் கரைத்துவிடும். புரொஜெஸ்டிரோன் விழும், அடுத்த கொப்புளம் வளரும், ஆடு திரும்பவும் பருவத்துக்கு வரும். இந்தச் சுற்று சராசரியாக 17 நாள். பருவம் நிற்பது 24 முதல் 36 மணி நேரம். சினை பிடித்திருந்தால் கருவே ஒரு புரதத்தை அனுப்பிக் கரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கும். இரண்டு வார வயதுகூட ஆகாத கரு அது.

இந்தச் சுற்றில் எல்லாமே அந்த முதல் சொட்டின் வேகத்தைப் பொறுத்தது. சொட்டு மெதுவானால் கொப்புளம் முழுதாக வளராது, ஆடு வெறுமையாகக் கிடக்கும். இங்கிலாந்து ஆட்டுக்கு நீண்ட பகல் வந்தால் சொட்டு மெதுவாகிறது. நம்ம ஆட்டுக்குப் பசி வந்தால் அதே சொட்டு மெதுவாகிறது. உடலில் கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், இன்சுலின் குறையும். மூளை அதைப் பார்த்துவிட்டு இது குட்டி சுமக்கிற நேரமில்லை என்று குழாயைத் திருகிவிடும். பால் குடிக்கும் குட்டி மடியில் முட்டினாலும் அப்படித்தான். சித்திரை வெயிலும் தன் பங்குக்குக் கெடுக்கும். நம்ம ஊரில் குழாயைத் திருகுவது வயிறு. அதனால்தான் கீதாரி வைகாசித் தீனியைக் கேட்டார்.

இந்தச் சொட்டைத் தூண்டும் பொருள்களில் ஒன்றின் பெயர் கிஸ்பெப்டின். அதன் மரபணுவைக் கண்டுபிடித்த ஆய்வகம் அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் இருந்ததால், அங்கு செய்யும் கிஸ்ஸஸ் சாக்லேட்டின் நினைவாக வைத்த பெயர். ஆட்டின் மூளைக்குள்ளும் மிட்டாய்ப் பெயர்.

படி 1: குட்டி விழும் மாதத்தை முதலில் குறியுங்கள்

கிடாய் விடும் தேதியை யோசிக்காதீர்கள். குட்டி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். சினைக் காலம் 147 முதல் 150 நாள், அதாவது ஐந்து மாதத்துக்குச் சில நாள் குறைவு.

குட்டி போட்ட மூன்று நான்கு வாரத்தில்தான் தாய்க்குப் பால் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் காட்டில் தீனி இருக்க வேண்டும். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். மார்கழி பாதியில் மழை ஓய்ந்து புல் நிற்கும். தை, மாசியில் நெல் தாள், கடலைக் கொடி, உளுந்துக் காடு என்று அறுத்த வயல்கள் திறக்கும். ஆகவே மார்கழிக் கடைசியில் தொடங்கி மாசி பாதிக்குள் குட்டி விழுவது நல்லது. பின்னோக்கி எண்ணினால் கிடாய் விட வேண்டியது ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி பாதி வரை.

எட்டு மாதத்துக்கு ஒரு ஈத்து (குட்டி போடுவது), இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து என்ற திட்டத்தையும் பலர் சொல்வார்கள். காகிதத்தில் அழகாக வரும். ஆவணி முதல் தேதி கிடாய் விட்டால் தையில் குட்டி, அடுத்து சித்திரையில் கிடாய், புரட்டாசியில் குட்டி, அடுத்து மார்கழியில் கிடாய், வைகாசியில் குட்டி, திரும்ப ஆவணி. இதில் புரட்டாசிக் குட்டி அடைமழை வருவதற்குள் ஒரு மாத வயதைத் தொட்டுவிடும், தப்பிக்கும். வைகாசிக் குட்டிதான் சிக்கல். கிணற்றுத் தண்ணீரும் கோ-4 புல்லோ வேலிமசாலோ அரை ஏக்கரும் இல்லாதவர்கள் இந்தத் திட்டத்துக்குள் போக வேண்டாம் என்பது என் கருத்து. வெறும் மேய்ச்சலை நம்பி மூன்று ஈத்து எடுக்கப் போனால் மூன்றாவது ஈத்தில் தாயும் போகும்.

சந்தையை வைத்துக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் கிடைக்கும் விலை வேறு, சாதாரண வாரத்து விலை வேறு. தையில் விழுந்த கிடாய்க்குட்டி தீபாவளிக்கு ஒன்பது மாத வயதில் நிற்கும், அது சரியாகவே பொருந்தும். பக்ரீத் மட்டும் வருடத்துக்கு 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதைத் துரத்திக்கொண்டு கிடாய் விடும் தேதியை நகர்த்தினால் ஒரு கட்டத்தில் ஐப்பசி மழைக்குள் போய் நிற்பீர்கள்.

படி 2: கிடாயைப் பிரித்து, இரண்டு மாதம் முன்பே தயார் செய்யுங்கள்

இதுதான் எல்லோரும் தவறவிடும் படி. நானும் தவறவிட்டேன். கிடாய் வருடம் முழுக்க மந்தையில் திரிந்தால் மேலே எழுதிய கணக்கு எதுவும் பயன்படாது.

கிடாயின் விதைக்குள் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 49 நாள். வெளியே வரத் தயாராக இன்னும் ஒன்றரை இரண்டு வாரம். ஆடிக் கடைசியில் கிடாயை விடப் போகிறீர்கள் என்றால், அன்று வேலை செய்யப்போகும் விந்து வைகாசிக் கடைசியிலேயே உருவாகத் தொடங்கிவிட்டது. அந்தச் சமயம் கிடாய் வெயிலில் கட்டிக் கிடந்தாலோ, கோமாரி, நீலநாக்கு போன்ற நோயில் காய்ச்சல் கண்டிருந்தாலோ, இப்போது பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும் விந்து நன்றாக இருக்காது. விதை உடம்பைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். வேப்ப மர நிழல், நாள் முழுக்கத் தண்ணீர், தினமும் கால் கிலோ முதல் அரை கிலோ வரை கம்பும் புண்ணாக்கும் கலந்த தீனி. இவை போதும்.

கிடாயை உட்கார வைத்து விதைப்பையைக் கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, நன்கு ஊதிய பந்து மாதிரி திண்ணென்று இருக்க வேண்டும். கொளகொளவென்று இருந்தாலோ, கட்டி தட்டினாலோ, ஒன்று சிறுத்திருந்தாலோ அந்தக் கிடாய் வேண்டாம். கச்சைகட்டிக் கருப்பில் முட்டுக்கிடாய்களுக்கு இருக்கும் பெயரைப் பார்த்து, களத்தில் ஜெயித்த கிடாயைக் கொண்டுவந்து மந்தையில் விடுபவர்கள் இருக்கிறார்கள். முட்டுவது வேறு, சினை பிடிக்க வைப்பது வேறு. கொம்பைப் பார்க்கும் நேரத்தில் விதையைப் பாருங்கள்.

நான்கு மாதம் தாண்டிய கிடாய்க்குட்டிகளையும் பிரித்துவிடுங்கள். ஐந்தாறு மாதத்திலேயே அவை ஏறத் தொடங்கும். காயடித்துவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் நேர்த்திக்கடனுக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காயடிக்காததைத்தான் கேட்பார்கள் என்பதால் தனிப் பட்டிதான் நமக்கு வழி.

பிரித்து வைக்க இடமில்லாதவர்கள் கிடாயின் வயிற்றில், குறிக்கு முன்னால் தொங்குகிற மாதிரி சாக்குத் துண்டைக் கட்டி மந்தையோடு விடுவதுண்டு. வேலை செய்யும். புண் ஆகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஆனால் பொதுக் கண்மாயில் மேய்த்தால் அடுத்தவர் கிடாய்க்கு யார் சாக்குக் கட்டுவது? இதற்கு ஹார்மோனில் பதில் இல்லை. பக்கத்துப் பட்டிக்காரரிடம் பேசி இருவரும் ஒரே மாதத்தில் கிடாய் விட ஒத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

படி 3: பெட்டைகளைக் கையால் தடவிப் பாருங்கள்

கிடாய் விடுவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலை மேய்ச்சலுக்கு முன் ஒவ்வொரு பெட்டையையும் பிடியுங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புப் பக்கம், முதுகெலும்பின் மேல் விரல்களை வைத்து அழுத்துங்கள். எலும்பு நுனி சீப்புப் பல் மாதிரி குத்தினால் ஆடு மெலிவு. மதிப்பெண் 1 அல்லது 2. எலும்பு இருப்பது தெரிகிறது, ஆனால் வட்டமாக, மேலே சதை மூடியிருக்கிறது என்றால் 3. தேடினாலும் எலும்பு தட்டவில்லை என்றால் 4, 5. நமக்கு வேண்டியது 2.5 முதல் 3. கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், உரோமமும் மேய்ந்து வந்த வயிறும் ஏமாற்றும்.

கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தீனி போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. குடற்புழு மருந்தை இப்போதே, கிடாய் விடும் முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். அல்பெண்டசோல் மருந்தைச் சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுத்தால் கருவில் ஊனம் வரலாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று கிடாய் விட்ட பிறகு மருந்து ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

முதல் ஈத்துக்குப் போகும் பெட்டைக்குட்டி, வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது எட்டியிருக்க வேண்டும். நம்ம பெட்டைகள் வளர்ந்தால் 25 முதல் 30 கிலோ. ஆகவே 18, 20 கிலோவுக்குக் கீழே இருப்பதை அடுத்த வருடத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து சினை பிடிக்காத பெட்டையைச் சந்தைக்கு அனுப்புங்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்டது என்றால் என்ன செய்வது, வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு மூன்று வாரத் தீனி

கிடாய் விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை, மேய்ச்சலுக்கு மேல் ஒரு பெட்டைக்குத் தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீனி. கம்பு, சோளம், மக்காச்சோளம் எது மலிவோ அது முக்கால் பங்கு. கடலை அல்லது எள்ளுப் புண்ணாக்கு கால் பங்கு. கூடவே தாது உப்பு. முதல் நாள் 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். ஒரே நாளில் கால் கிலோ கம்பு போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும்.

நெற்று கிடைப்பவர்கள் வைகாசி, ஆனியிலேயே கருவேலங்காய், குடைவேலங்காய், சீமைக்கருவேல நெற்று மூன்றையும் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டி வையுங்கள். ஆடியில் அதுதான் உங்கள் அடர்தீனியில் பாதி. வைகாசியில் ஆடு தானாகத் தின்று என்னைக் கவிழ்த்த அதே காய்தான். இப்போது தேதியை நான் வைக்கிறேன்.

இந்தத் தீனி என்ன செய்கிறது? சர்க்கரையும் இன்சுலினும் ஏறும். சினைப்பையில் பாதியில் பட்டுப்போக இருந்த கொப்புளங்கள் தப்பிக்கும். வெறுமையாகக் கிடந்த ஆடு பருவத்துக்கு வரும். சில ஆடு இரண்டு முட்டை விடும். ஏற்கெனவே மதிப்பெண் 4-இல் இருக்கும் ஆட்டுக்கு இது வீண்செலவு, போட வேண்டாம்.

இரட்டைக் குட்டி ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஆடுகள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆட்டில் முட்டை எண்ணிக்கையைக் கூட்டும் மரபணு ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் நாரி சுவர்ணா, ராஜஸ்தானின் அவிஷான் எல்லாம் அதைக் கலந்து உருவாக்கியவை. அவற்றை இங்கே கொண்டுவரலாமா என்றால், இரண்டு குட்டிக்குப் பால் கொடுக்கும் தீனி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 5: கிடாய் விடுவது

இதற்குள் கிடாய் ஒரு மாதமாவது பெட்டைகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் எட்டாமல் இருந்திருந்தால் ஒரு லாபம் உண்டு. கிடாயின் உரோம எண்ணெயில் இருக்கும் வாடை, வெறுமையாகக் கிடக்கும் பெட்டையின் மூளையை உசுப்பும். சில நிமிடங்களிலேயே எல்.எச். துடிப்பு கூடும், இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியேறும். ஆனால் அந்த முதல் முட்டை சத்தமில்லாமல் போகும். ஆடு கிடாய்க்கு நிற்காது. நிற்க வேண்டுமானால் அதற்கு முன் சில நாள் புரொஜெஸ்டிரோனில் மூளை ஊறியிருக்க வேண்டும். அதனால் சுமார் 18-ஆம் நாளிலும் 24-ஆம் நாளிலும் பெட்டைகள் கும்பலாகப் பருவத்துக்கு வரும். முதல் வாரத்தில் கிடாய் சும்மா நிற்கிறதே என்று பதறி அதை மாற்றிவிடாதீர்கள்.

புதுக் கிடாய் என்றால் வேலை இன்னும் சுருக்கம். நான் என் கிடாயை உசிலம்பட்டியில் இருக்கும் மைத்துனர் பட்டிக்கு அனுப்பிவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்கிறேன். தகப்பன் கிடாய் மகளோடு சேர்வதும் இதனால் நின்றது.

25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடாய். ஒன்றரை வயதுக்குட்பட்டதென்றால் 15 போதும். ஒரே பலமுள்ள இரண்டு கிடாயை ஒன்றாக விட்டால் முட்டிக்கொண்டே பொழுது போகும்.

எந்த ஆடு எப்போது சேர்ந்தது என்று தெரிய, கிடாயின் நெஞ்சில் வண்ணம் பூசுங்கள். மஞ்சள்பொடியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கெட்டியாகத் தடவினால் ஏறிய பெட்டையின் பின்முதுகில் மஞ்சள் ஒட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திரும்பத் தடவுங்கள். 16 நாள் கழித்துக் காவிக்கு மாறுங்கள், அதற்கும் 16 நாள் கழித்துக் கரிக்கு. வெளிறியதிலிருந்து அடர்ந்த நிறத்துக்குப் போக வேண்டும். காவிமேல் மஞ்சள் தெரியாது. முதுகில் மஞ்சள் மட்டும் இருக்கும் ஆடு முதல் சுற்றிலேயே சினை. மஞ்சளும் காவியும் இருந்தால் முதல் சுற்றில் சினை நிற்கவில்லை. மூன்று நிறமும் பல பெட்டைகளில் இருந்தால் கோளாறு கிடாயிடம், உடனே மாற்றுங்கள். செம்மறிப் பெட்டை வெள்ளாடு மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது. வாலை ஆட்டும், கிடாய் பக்கம் போய் நிற்கும், அவ்வளவுதான். நம் கண்ணைவிட இந்த மஞ்சள் நம்பகம்.

மூன்று சுற்று, அதாவது 51 நாள் முடிந்ததும் கிடாயைப் பிடித்துக் கட்டுங்கள். ஈவு இரக்கம் வேண்டாம். அதற்கு மேல் விட்டால் மேய்ச்சல் தீர்ந்த பங்குனியில் குட்டி விழும்.

ஸ்பாஞ்சும் ஊசியும்

எல்லா ஆட்டையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவரப் புரொஜெஸ்டிரோன் போன்ற மருந்து தோய்த்த ஸ்பாஞ்சைப் பிறப்புறுப்பில் 12 முதல் 14 நாள் வைத்து எடுப்பார்கள். எடுக்கும்போது ஈ.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி போடுவார்கள். பெரும்பாலான பெட்டைகள் 36 முதல் 48 மணி நேரத்தில் பருவத்துக்கு வரும். புரோஸ்டாகிளாண்டின் ஊசியை 9 முதல் 11 நாள் இடைவெளியில் இரண்டு முறை போடுவது இன்னொரு வழி. அது ஏற்கெனவே சுற்று ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். தெரியாமல் சினை ஆட்டுக்குப் போட்டால் கரு கலையும்.

ஒரு பங்குனியில் ஒருவர் பேச்சை நம்பி 14 பெட்டைக்கு ஸ்பாஞ்ச் வைத்தேன். முதுகெலும்பு குத்துகிற ஆடுகள். ஏறக்குறைய எல்லாமே பருவத்துக்கு வந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒரு கிடாய் ஏழெட்டு ஆட்டோடு ஓய்ந்துபோனது. கடைசியில் குட்டி போட்டவை 3. வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் முட்டை வரும். கருவைத் தாங்கும் உடம்பு அதோடு வராது. ஸ்பாஞ்ச் போடுவதென்றால் நல்ல உடம்புள்ள ஆட்டுக்கு, கால்நடை மருத்துவர் கையால், ஐந்தாறு பெட்டைக்கு ஒரு கிடாய் என்ற கணக்கில் போடுங்கள். செயற்கைக் கருவூட்டல் மாட்டில் நடப்பது போல ஆட்டில் சுலபமாக நடக்காது. செம்மறியின் கருப்பை வாய் வளைந்து வளைந்து போவதால் உறைவிந்துக் குழல் உள்ளே நுழையாது.

படி 6: சினைக் காலம்

முதல் ஒரு மாதம் ஆட்டை விரட்டாதீர்கள், வண்டியில் ஏற்றாதீர்கள், தீனியைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். கரு கருப்பையில் ஒட்டும் காலம் இது. சுமார் 50 நாளுக்குப் பிறகு நஞ்சுக்கொடியே போதிய புரொஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கும், அப்புறம் கொஞ்சம் நிம்மதி.

நடுவில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் நீலநாக்கு நோய் நம்ம பக்கம் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுச் சின்னக் கடிபூச்சிகள் பரப்புவது. சினை ஆட்டுக்கு வந்தால் கலையவும் செய்யும். அந்தி நேரத்தில் பட்டியில் வேப்பந்தழைப் புகை போடுங்கள், தடுப்பூசியை மழைக்கு முன்பே மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

குட்டியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில் ஏறுகிறது. அப்போது மறுபடி 200, 250 கிராம் அடர்தீனி தொடங்குங்கள். இரட்டை சுமக்கும் ஆடு தீனி குறைந்தால் தள்ளாடி, பார்வை மங்கிப் படுத்துவிடும். துள்ளுமாரித் தடுப்பூசியைக் குட்டி போட மூன்று நான்கு வாரம் இருக்கும்போது போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு போகும்.

படி 7: குட்டி விழும் இரவு

பிரசவ நேரத்தை முடிவு செய்வது தாய் இல்லை, குட்டி. வயிற்றுக்குள் அதன் அட்ரீனல் சுரப்பி முற்றிக் கார்டிசாலை விடும். அது தாயின் புரொஜெஸ்டிரோனை இறக்கி ஈஸ்ட்ரோஜனை ஏற்றும், கருப்பை சுருங்கத் தொடங்கும். குட்டி வெளியே வரும் அழுத்தத்தில் தாயின் மூளையில் ஆக்ஸிடோசின் பாயும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எந்தக் குட்டியை நக்குகிறதோ, எந்த வாடையை முகர்கிறதோ, அதுதான் அதன் பிள்ளை. அந்த நேரத்தில் குட்டியைத் தூக்கித் துடைத்துத் துணியில் சுற்றி அழகு பார்க்காதீர்கள். மூக்குச் சளியை மட்டும் வழித்துவிட்டுத் தாயின் முகத்துக்கு முன்னால் போட்டுவிடுங்கள். தொப்புளில் அயோடின், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், காய்ந்த தரை.

தாய் செத்த குட்டி ஒன்று, குட்டி செத்த தாய் ஒன்று என்று இரண்டும் ஒரே இரவில் அமைந்தால், செத்த குட்டியின் ஈரத்தை உயிருள்ள குட்டியின் முதுகிலும் வாலடியிலும் நன்றாகத் தேயுங்கள். கீதாரிகள் செத்த குட்டியின் தோலை உரித்தே போர்த்திவிடுவார்கள். தாய் குனிந்து வாலடியை முகரும், முட்டுமா சேர்க்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அடித் தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தால் ஏற்றுக்கொண்டது. அப்புறம் நாம் தூங்கப் போகலாம்.

படி 8: அடுத்த சுற்று

பால் குடிக்கும் குட்டி இருக்கும்வரை சொட்டு மெதுவாகவே இருக்கும். நல்ல தீனி இருந்தால் 45, 60 நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரக்கூடும். மேய்ச்சல் மட்டும் என்றால் அதற்கும் மேல் ஆகும். 75 முதல் 90 நாளில் குட்டியைப் பிரியுங்கள். அதற்கு முன் இரண்டு வாரமாவது குட்டி தழை கொறிக்கப் பழகியிருக்க வேண்டும். அகத்தி, வேம்பு, வாகைக் கொத்தைக் குட்டி மூக்கு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரித்த அன்று தாய்க்கு அடர்தீனியை நிறுத்துங்கள், மடி கட்டாமல் இருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஆட்டின் அடையாளம், மஞ்சளா காவியா கரியா, குட்டி விழுந்த தேதி, குட்டி பிழைத்ததா. அதை வைத்துத்தான் அடுத்த ஆடியில் எந்தப் பெட்டையை வைத்துக்கொள்வது, எதைத் திருமங்கலத்துக்கு ஏற்றுவது என்று பார்க்கிறேன். போன தையில் என் பட்டியில் 38 குட்டி விழுந்தது, 35 நிற்கிறது. மைத்துனர் கிடாயை வைகாசி பிறந்ததுமே திரும்ப ஓட்டிவர வேண்டும். நெற்று மூட்டை கட்டச் சாக்கும் வாங்க வேண்டும்.